ஸ்லரி பட்ட கண்

ஏற்காட்டில் மார்கழி பிறந்துவிட்டால் தேங்காய் எண்ணெய் உறைந்துவிடும். தலைக்கு வைக்க வேண்டுமென்றால் பாட்டிலைக் கொஞ்ச நேரம் வெந்நீருக்குள் நிறுத்தி வைப்போம். மலையில் எல்லா வீட்டிலும் இதுதான் வழக்கம். யாரும் யாருக்கும் சொல்லித் தருவதில்லை, கை தானாகச் செய்யும். என் கண்ணுக்கு வந்த கேடு அந்தப் பழக்கத்தில்தான் ஆரம்பித்தது.

நான் ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். கடுதாசிக்கு மேல் எதுவும் எழுதியதில்லை. இருந்தாலும் இதை எழுதியே தீர வேண்டிய காரணம் ஒன்று இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

ஏரிக்குப் பக்கத்தில் பன்னிரண்டு அறை உள்ள ஒரு லாட்ஜில் எனக்கும் என் மனைவி ருக்மணிக்கும் வேலை. அறை கூட்டுவது, தரை கழுவுவது, போர்வை துவைப்பது எல்லாம் நாங்கள்தான். சேலத்திலிருந்து வந்து சேர்ந்து, லாட்ஜின் பின்கட்டிலேயே குடியிருந்தோம். லாட்ஜுக்குக் கலர் டிவி வந்த வருஷம் அது. டிவி வந்ததும் சீசன் இல்லாத நாளிலும் ஆள் வந்தார்கள், போர்வையும் பெருகியது. சோப்புத் தூள் கட்டுப்படியாகவில்லை. “சேலத்துல ஸ்லரி விக்கிறாங்க, நாமளே சோப் ஆயில் செஞ்சுக்கலாம்” என்றார் முதலாளி.

ஸ்லரி என்பது தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கடையில் வாங்கும் சோப்புத் தூளில் நுரை வருவதும் எண்ணெய்ப் பிசுக்குப் போவதும் அதனால்தான். கருஞ்சிவப்பாக, வெல்லப்பாகு மாதிரி கெட்டியாக இருக்கும். மூக்கில் ஏறும் ஒரு நெடி. தனியாக இருக்கும்போது அது ஆசிட். தண்ணீரில் விட்டு, சலவை சோடா சேர்த்துக் கலக்கினால் ஆசிட் குணம் செத்து சோப்பாகிவிடும். ‘சோடா போட்டா ஸ்லரி செத்துரும்’ என்பது இந்தத் தொழிலில் முதல் பாடம். அந்தப் பாடம்தான் எனக்கு எமனாக வந்தது.

நான் இயல்பிலேயே பயந்தவன். பூட்டின பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்ப்பேன். சேலத்தில் ஸ்லரி விற்ற கடைக்காரரிடமும் அப்படித்தான் கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்டேன்.

“பிளாஸ்டிக்லயே வைங்க. தகரத்துல வச்சீங்கன்னா தகரத்தத் தின்னுபோடும். தண்ணியில ஸ்லரிய ஊத்தோணும், ஸ்லரியில தண்ணிய ஊத்தப்படாது, கொதிச்சு மேல தெறிக்கும். ரப்பர் கையுறை போட்டுக்குங்க. கண்ணு பத்தரம்.”

“கண்ணுல பட்டா என்னுங்க பண்றது?”

“படாம பாத்துக்கோணும். ஏனுங்க, நீங்க சோப்பு செய்யப் போறீங்களா, வெடிகுண்டு செய்யப் போறீங்களா?”

கடையிலிருந்தவர்கள் சிரித்தார்கள். கண்ணில் பட்டால் என்ன செய்வது என்ற கேள்விக்குப் பதில் வாங்காமலே கிளம்பிவிட்டேன். 

பஸ்ஸில் இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் கேனை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். பாதி வழியில் வேட்டியில் ஒரு சொட்டுப் பார்த்தேன். கேனின் அடியில் மயிரிழை போல ஒரு விரிசல். வீடு வந்ததும் வேறு பிளாஸ்டிக் கேன் தேடினேன், கிடைக்கவில்லை. காலியான தேங்காய் எண்ணெய் டின் ஒன்று இருந்தது. தகரம் கூடாது என்று கடைக்காரர் சொன்னது நினைவில் இல்லாமல் இல்லை. ஆனால் ஒழுகி ருக்மணியின் கால் வெந்துவிடுமோ என்ற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது. ஒரு நாளைக்குத்தானே என்று அதில் ஊற்றினேன். நெடி வெளியே வரக்கூடாதென்று மூடியைத் திருகி, மேலே துணி வைத்து, கயிற்றால் இறுக்கிக் கட்டினேன். ஒரு நாள் நாலு நாளானது.

ஐந்தாம் நாள் காலையில் மூடியைத் திறக்காமலே டின்னைச் சாய்த்துப் பார்த்தால் ஸ்லரி நகரவில்லை. குளிரில் இறுகிப்போயிருந்தது. பின்கட்டில் விருந்தாளிகளுக்குக் குளிக்க வெந்நீர் போடும் அண்டா கொதித்துக்கொண்டிருந்தது. ஒரு வாளியில் வெந்நீர் மொண்டு, எண்ணெய் பாட்டிலை எப்படி வைப்போமோ அப்படியே அந்த டின்னை அதற்குள் வைத்தேன். ருக்மணி பக்கத்தில் உட்கார்ந்து சோடாவைத் தண்ணீரில் கரைத்துக்கொண்டிருந்தாள்.

“ஏனுங்க, டின்னு வயிறு ஊதுனாப்புல இருக்குது?”

“அது பழைய டின்னு புள்ள. அப்புடித்தான் இருக்கும்.”

எல்லாவற்றுக்கும் பயப்படுகிற நான் அதற்கு மட்டும் பயப்படவில்லை. கயிற்றை அவிழ்த்துவிட்டு, குனிந்து மூடியைத் திருகினேன்.

புஸ்ஸென்று ஒரு சத்தம். முகத்தில் யாரோ அறைந்த மாதிரி இருந்தது. ஆசிட் தகரத்தைத் தின்னும்போது ஒரு வாயு கிளம்புமாம். நான் இறுக்கிக் கட்டியதால் அது உள்ளேயே அடைபட்டு, சூடு ஏறியதும் ஸ்லரியையும் வாரிக்கொண்டு சீறிவிட்டது. இதெல்லாம் பின்னால் டாக்டர் சொல்லித் தெரிந்துகொண்டது. அந்த நேரத்தில் எனக்குத் தெரிந்தது எரிச்சல் ஒன்றுதான். முதலில் மிளகாய் அரைத்த கையால் கண்ணைத் தொட்ட மாதிரி. அப்புறம் அதற்கு உவமை கிடையாது. இரண்டு கண்ணையும் திறக்க முடியவில்லை.

“சோடா ஊத்து! ருக்கு, சோடாத் தண்ணிய ஊத்து கண்ணுல!” என்று கத்தினேன்.

அவள் கரைத்துக்கொண்டிருந்ததை மக்கில் மொண்டு, என் வலது கண்ணை விரலால் பிளந்து ஊற்றினாள். அந்தக் குளிரில் சோடா சரியாகக் கரைந்திருக்கவில்லை. கண்ணுக்குள் மணல் போல நறநறவென்றது. இடது கண்ணையும் பிளக்க அவள் கையை வைத்த நேரத்தில், மக்கு தரையில் விழுந்து உருளும் சத்தம் கேட்டது.

தட்டிவிட்டவர் லாட்ஜின் தோட்டக்காரர் காளியண்ணன். மஞ்சக்குட்டை ஊர்க்காரர். எஸ்டேட்டில் காப்பிச் செடிக்கு மருந்தடித்தவர். என்னைக் கழுத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்த் தோட்டத்துக் குழாயடியில் படுக்க வைத்தார்.

“கண்ணத் தொறங்க சாமி. தொறங்கன்னா தொறக்கோணும்.”

“முடியலீங்ணா, செத்துப்போயிருவேன்.”

“குளுந்த தண்ணிக்கு யாரும் சாவறதில்ல. எஸ்டேட்டுல மருந்து பட்டா ரைட்டரு எங்களத் தண்ணித் தொட்டியிலயே முக்கிப் புடிப்பாரு. தண்ணி, தண்ணி, தண்ணி மட்டுந்தான்.”

அந்த மார்கழித் தண்ணீரை அரை மணி நேரத்துக்கு மேல் விட்டார். கீழேயிருந்து ஒரு பஸ் ஏறி வந்து நின்று, ஆளை ஏற்றிக்கொண்டு திரும்ப இறங்கிப் போன சத்தம் எனக்குக் கேட்டது. அப்போதும் விடவில்லை. அப்புறம் முதலாளி பிடித்து வந்த ஜீப்பில், முகத்தில் ஈரத்துணி போட்டு, ருக்மணி மடியில் தலை வைத்து மலை இறங்கினேன். வளைவுகளை எண்ணிக்கொண்டே போனேன். பதினான்கில் எண்ணிக்கை தப்பிவிட்டது. இனி நான் எதையும் கண்ணால் பார்த்து எண்ணப் போவதில்லை என்று அப்போதே முடிவு கட்டிவிட்டேன்.

சேலம் பெரிய ஆஸ்பத்திரியில் பெஞ்சில் உட்காரக்கூட விடாமல் நேராக உள்ளே கூட்டிப் போனார்கள். ருக்மணியை வெளியே நிறுத்திவிட்டார்கள். பார்த்தவர் ஒரு டாக்டரம்மா. வயது குறைவான குரல். முதலில் மரத்துப்போகச் சொட்டு மருந்து விட்டார். அப்புறம் ஏதோ காகிதத் துண்டைக் கீழ் இமைக்குள் வைத்து எடுத்தார்.

“ஆசிட் பட்டுதுன்னுதானே சொன்னீங்க?”

“ஆமாங்கம்மா, ஸ்லரி.”

“ஆசிட்டுன்னா இந்தத் தாள் நீலமாகக் கூடாது. இடது கண்ணுல ஆகலை. வலது கண்ணுல நல்லா நீலமாகுது.”  மேல் இமையைக் குச்சியில் சுற்றித் திருப்பினார். “சிஸ்டர், உள்ள பாருங்க, வெள்ளையாத் துகள். என்னங்க இது?”

நான் சொன்னேன்.

“யாரு போட்டது?”

கதவுக்கு வெளியே ருக்மணியின் இருமல் கேட்டது. “நானேதான் போட்டுக்கிட்டேன்” என்றேன்.

துகளை எடுத்துவிட்டு, சலைன் பாட்டிலைத் தலைக்கு மேல் தொங்கவிட்டு, அதன் குழாயால் கண்ணைக் கழுவிக்கொண்டே இருந்தார்கள். எத்தனை பாட்டில் என்று தெரியவில்லை. தாள் நிறம் மாறாமல் வருகிற வரைக்கும். கழுவிக்கொண்டே டாக்டரம்மா எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். கருவிழிக்கு மேலே கண்ணாடி போல ஒரு தோல் இருக்கிறது. ஆசிட் பட்டால் அந்தத் தோலின் மேல்பாகம் முட்டை வெந்த மாதிரி வெந்துபோகும், வெந்த அந்தப் படலமே ஆசிட்டை ஓரளவு உள்ளே விடாமல் தடுக்கும். சோடா அப்படியல்ல. அது தோலைக் கரைத்துக்கொண்டே உள்ளே இறங்கும், சீக்கிரம் நிற்காது. டிரம்மில் ஒன்றை ஒன்று கொல்லும் என்பதற்காகக் கண்ணிலும் கொல்லும் என்று நினைக்கக் கூடாது.

“ஆசிட்டோட விட்டிருந்தா வலது கண்ணும் தேறியிருக்குமாங்கம்மா?”

“இடது கண்ணு தேறிடும்னு நினைக்கிறேன். அதுல ஸ்லரியும் தண்ணியும் மட்டுந்தான் பட்டிருக்கு” என்றார். 

இரண்டு கண்ணையும் கட்டிவிட்டார்கள். வலது கண் பிழைக்குமா என்று பன்னிரண்டு நாள் கழித்துத்தான் சொல்ல முடியும் என்றார்கள். எனக்கு இரவும் இல்லை பகலும் இல்லை. வார்டு கூட்டுகிற துடைப்பச் சத்தம் வந்தால் காலை, ரசம் வாசனை வந்தால் மதியம். மணிக்கொரு தரம் கட்டை விலக்கிச் சொட்டு மருந்து. காலையும் மாலையும் கண்ணாடிக் குச்சி ஒன்றில் களிம்பைத் தடவி இமைக்கும் விழிக்கும் நடுவே ஓட்டுவார்கள். இல்லாவிட்டால் இமை விழியோடு ஒட்டிக்கொள்ளுமாம். குச்சி வருகிற தட்டின் சத்தம் கேட்டாலே கால் தானாக மடங்கிக்கொள்ளும்.

பயத்துக்கா பஞ்சம். ஒரு கண்ணில் வந்தது இன்னொரு கண்ணுக்கு ஒட்டிக்கொள்ளுமோ. கட்டுக்குள் எறும்பு புகுந்துவிடுமோ. அந்த டின்னை யாராவது எண்ணெய் என்று எடுத்திருப்பார்களோ. பார்க்க வந்த காளியண்ணனிடம் கேட்டேன். மண்ணில் பள்ளம் வெட்டி, கம்பு வேலி போட்டு, டின்னை அதற்குள் வைத்திருப்பதாகச் சொன்னார். கடைக்காரரே வந்து எடுத்துப் போகிற வரைக்கும் அங்கேதான் இருந்தது.

காளியண்ணன் வாரத்தில் இரண்டு நாள் பஸ் பிடித்து இறங்கி வருவார். ஆண்கள் வார்டில் பெண்கள் தங்கக் கூடாது என்பதால் ருக்மணி வராந்தாவிலேயே கிடந்தாள். நான் கூப்பிடுவது அவளுக்குக் கேட்காது. அதைப் பார்த்துவிட்டு, அடுத்த தடவை ஆட்டின் கழுத்தில் கட்டும் மணி ஒன்றைக் கொண்டு வந்து என் கையில் வைத்தார்.

“வேணுங்கறப்ப ஆட்டுங்க. இது இல்லாம எங்க ஆடு எதுன்னு எங்களுக்கே இனி அடையாளம் தெரியாது, தொலைச்சுப்போடாதீங்க.”

பக்கத்துக் கட்டிலில் ஓமலூர்ப் பெரியவர் ஒருவர், கண்புரை எடுத்துக்கொண்டவர். நான் மணியை ஆட்டும்போதெல்லாம், “பூசாரி, தீவாரணை ஆச்சா, துண்ணூறு எங்கே?” என்பார். வார்டே சிரிக்கும். எனக்கும் ஒரு தடவை சிரிப்பு வந்தது. சிரித்தால் வலது கண் பிய்ந்துகொள்கிற மாதிரி வலித்ததால் அப்புறம் சிரிக்கவில்லை.

மணி கேட்டதும் ருக்மணி வருவாள், வார்டு சிஸ்டர் ஒன்றும் சொல்லமாட்டார். சோறு ஊட்டுவாள். ஒவ்வொரு கவளத்துக்கும் இது என்ன என்று சொல்லிவிட்டுத்தான் வாயில் வைப்பாள். மருந்து விடவும் சிஸ்டர் அவளுக்குக் கற்றுக் கொடுத்துவிட்டார். கீழ் இமையை ஒரு விரலால் இழுத்து, பாட்டில் நுனி படாமல், சரியாக ஒரே ஒரு சொட்டு. அவள் கை ஒரு தடவைகூட நடுங்கியதில்லை.

அந்த நாட்களில் என்னைக் குத்தியது ஒன்றுதான். பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் ருக்மணி இப்படிச் சொல்லிக்கொண்டிருந்தாள்:

“நல்ல வேளைங்க, நான் பக்கத்துலயே சோடா கரைச்சுக்கிட்டு இருந்தேன். ஒடனே ஊத்திப்போட்டேன். இல்லீன்னா மூஞ்சியே போயிருக்கும். உங்க ஊட்டுலயும் ஸ்லரி கிஸ்லரி வச்சிருந்தா ஒரு மக்கு சோடாத் தண்ணி பக்கத்துல வச்சுக்குங்க.”

வெள்ளக்கடை ஊரிலிருந்து வந்த லாட்ஜ் சலவைக்காரம்மாவிடம் சொன்னாள். முதலாளி வீட்டம்மாவிடம் சொன்னாள். மாரமங்கலத்தில் சோப்புத் தூள் செய்து சந்தையில் விற்கிற ஒருவர் வந்தபோது அவரிடமும் சொன்னாள். “நல்ல ரோசனைங்க” என்றார் அவர். கட்டுக்குள்ளிருந்து நான் கேட்டுக்கொண்டிருந்தேன். வாயைத் திறந்தால் என்ன ஆகும்? உன் கையால்தான் என் கண் போச்சு என்று சொன்ன மாதிரி ஆகும். இன்னும் பன்னிரண்டு நாள் ஆகவில்லை, ஒருவேளை கண் தேறிவிட்டால் சொல்லவே வேண்டியிருக்காது என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். கண்ணுக்காக வேண்டினேனா, சொல்லாமல் தப்பிப்பதற்காக வேண்டினேனா என்று எனக்கே தெரியவில்லை.

பன்னிரண்டாம் நாள் கட்டைப் பிரித்தார்கள். முதலில் இடது கண். வெளிச்சம் ஊசியாகக் குத்தியது. அப்புறம் பனிமூட்டத்துக்குள் வருகிற மாதிரி ருக்மணி முகம் வந்தது. மெலிந்து போயிருந்தாள். ஜாக்கெட்டில் ஊக்குக் குத்தியிருந்தது.

“தெரியுதுங்களா?”

“ஊக்கு தெரியுது.”

அழுதுகொண்டே சிரித்தாள். அப்புறம் இடது கண்ணை மூடிவிட்டு வலது கண்ணைத் திறந்தார்கள். மஞ்சள் மருந்து விட்டு நீல வெளிச்சம் அடித்துப் பார்த்தார் டாக்டரம்மா. புண் இருக்கிற இடமெல்லாம் அந்த வெளிச்சத்தில் பச்சையாகத் தெரியுமாம். வெகு நேரம் பார்த்தார்.

“என் கையி தெரியுதா?”

“இல்லீங்க.”

“வெளிச்சம்?”

“ஜன்னல் எந்தப் பக்கம்னு தெரியுதுங்க.”

கருவிழித் தோல் முழுவதும் பால் ஊற்றினாற்போல் வெளுத்துவிட்டது என்றார். இறந்தவர்கள் கண்ணிலிருந்து எடுத்து வைக்கிற சிகிச்சை ஒன்று உண்டு, ஆனால் சோடாவில் வெந்த கண்ணில் அது ஒட்டிப் பிழைப்பது கஷ்டம் என்றார். சோடா என்ற சொல்லை அவர் சொன்னபோது ருக்மணி என் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். நான் திரும்பவில்லை. அவளும் எதுவும் கேட்கவில்லை. சரியாகக் காதில் விழுந்திருக்காது என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் பின்கட்டுக்குப் போனேன். அலமாரித் தட்டில் ஒரு மக்கு இருந்தது. தட்டுப் போட்டு மூடி, மேலே எலுமிச்சங்காய் அளவு கல் ஒன்று பாரமாக. திறந்து விரலை விட்டுப் பார்த்தேன். வழவழவென்றது. சோடாத் தண்ணீர். அடுத்தவருக்குப் பட்டால் ஆகுமென்று எடுத்து வைத்திருக்கிறாள்.

அதைக் கீழே ஊற்றிவிட்டு நல்ல தண்ணீர் பிடித்து வைத்தேன். மறுநாள் பார்த்தால் மறுபடியும் சோடா. இப்படி இரண்டு தடவை. மூன்றாவது தடவை அவள் வாசலில் நின்று பார்த்துவிட்டாள்.

“ஏனுங்க அதக் கொட்டறீங்க?”

மாரமங்கலத்துக்காரர் ஞாபகம் வந்தது. அவர் வீட்டிலும் இந்நேரம் ஒரு மக்கு இருக்கும். அவருக்கும் மனைவி இருப்பாள். சொல்லிவிட்டேன். நீலமான தாள், இமைக்குள் இருந்த துகள், டாக்டரம்மாவிடம் நான் சொன்ன பொய், எல்லாவற்றையும். நான்தானே புள்ள ஊத்தச் சொன்னேன், உனக்கு என்ன தெரியும் என்று பத்துத் தடவை சொன்னேன்.

அவள் மக்கை வாங்கிக் கழுவிக் கவிழ்த்தாள். அன்று மதியம் மருந்து விடும் நேரம் வந்தது. இமையை இழுத்துப் பிடித்தாள். சொட்டு விழவில்லை. நிமிர்ந்து பார்த்தேன். பாட்டில் அவள் கையில் கிடுகிடுவென ஆடிக்கொண்டிருந்தது. என் மடியில் அதை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் காலையில் சொல்லாமல் கிளம்பினாள். வெள்ளக்கடைக்குப் போனாள். அங்கிருந்து ஜீப்பில் தொத்திக்கொண்டும் நடந்தும் மாரமங்கலம் போனாள். யார் யாரிடம் சொன்னாளோ அத்தனை பேர் வாசலிலும் நின்று, “சோடா ஊத்தாதீங்க, தண்ணி மட்டும் ஊத்துங்க, நெறைய ஊத்துங்க, எமைய மடிச்சுப் பிடிச்சு ஊத்திக்கிட்டே ஆசுபத்திரிக்கு ஓடுங்க. நான் சோடா ஊத்தித்தான் என்ற ஊட்டுக்காரரு கண்ணு போச்சு” என்று சொல்லிவிட்டு வந்தாள். காளியண்ணன் தேடிப் போய்க் கூட்டி வந்தார். “நொம்பத் தூரம் நடந்திருக்குதுங்க, காலு வீங்கிப்போச்சு. எதையும் கேக்காதீங்க” என்று மட்டும் சொன்னார்.

இன்றைக்கும் லாட்ஜுக்கு யார் புதிதாக வேலைக்கு வந்தாலும் அவள் இதைச் சொல்கிறாள். சொல்லும்போதெல்லாம் ஒன்றை மட்டும் விட்டுவிடுகிறாள். சோடா, சோடா என்று கத்தியது நான். அவள் நான் சொன்னதைச் செய்தாள். இதை எங்காவது எழுதி வைக்க வேண்டும் என்றுதான், ஒற்றைக் கண்ணை வைத்துக்கொண்டு இத்தனை பக்கம் எழுதினேன்.

ஸ்லரி இப்போது பிளாஸ்டிக் கேனில்தான் வருகிறது. குளிரில் இறுகினால் மூடியைத் தளர்த்தி வெயிலில் வைத்துவிட்டுக் காத்திருக்கிறோம். தோட்டத்துக் குழாயில் ரப்பர் டியூப் எப்போதும் மாட்டியே இருக்கிறது.

கண்ணுக்கு இன்னும் மருந்து நிற்கவில்லை. நானேதான் விட்டுக்கொள்கிறேன். பாதி கன்னத்தில் விழுகிறது.